கேட்டால் படித்ததாகுமா?

இந்த ஐயம் சில ஆண்டுகள் என்னைப் படுத்தியது. ஐயத்தைச் சீடனிடமும், பிற்பாடு கிடைத்த தெளிவைக் குருவிடமும் கொடுத்திருக்கிறேன். இடம், ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு வீட்டுத் திண்ணை. குரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பார்வை மங்கி, இப்போது எழுத்துக் கூட்ட முடியாதவர். சீடன் திருச்சி ஜங்ஷன் பக்கம் வேலை பார்ப்பவன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து போகிறவன்.

சீடன்: ஐயா, மனசில் ஒரு உறுத்தல். மூன்று மாதமாக நான் ஒரு புத்தகத்தையும் கையால் தொடவில்லை. பஸ்ஸில் ஏறினால் காதில் மாட்டிக்கொள்கிறேன், எல்லாம் ஒலிநூல்தான். பயண நூல், தன்வரலாறு, சிற்பம் பற்றியவை என்று போகிறது. அலுவலகத்தில் ஒருவர், ‘என் சரித்திரம் படித்திருக்கிறாயா?’ என்றார். ‘கேட்டிருக்கிறேன்’ என்றேன். சிரித்துவிட்டார்.

குரு: சிரித்தவர் தமிழை யோசிக்கவில்லை. நாகஸ்வரம் வாசிக்கிறோம், வீணை வாசிக்கிறோம், புத்தகமும் வாசிக்கிறோம். மூன்றுக்கும் ஒரே வினைச்சொல். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம், கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்து, அடுத்த அதிகாரத்தைக் கேள்விக்குக் கொடுத்தார். படிக்க வாய்க்காதவனும் கேட்டுப் பிழைக்கலாம் என்பது அவர் கட்சி.

சீடன்: ஆனால் கவனம் சிதறுகிறதே? காவிரிப் பாலம் வந்தால் தண்ணீரைப் பார்க்கத் தோன்றுகிறது.

குரு: அச்சடித்த பக்கத்தின்மேல் நீ தூங்கி விழுந்ததில்லையா? அது காதின் குற்றமில்லை. அடுத்தது?

சீடன்: சில நேரம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடுகிறேன்.

குரு: அது பாவம். விட்டுவிடு. அடுத்தது?

சீடன்: அடுத்ததுதான் உண்மையான சங்கடம், ஐயா. அச்சில் படிக்கும்போது வேகம் என்னுடையது, எங்கே நிறுத்துவது என்பதும் என்னுடையது. கேட்கும்போது எல்லாம் வாசிப்பவர் கையில். ‘என் சரித்திர’த்தில் உ.வே.சா. தன் இளமை வறுமையைக் குரல் உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போகிறார். ஒலிநூலில் வாசிப்பவர் அந்த இடத்தில் தழுதழுக்கிறார். நான் கேட்டது உ.வே.சா.வையா, இவரையா?

குரு: வா, இதுதான் கேள்வி. இதற்காகத்தான் மற்ற இரண்டையும் தள்ளினேன்.

பெரிய பெருமாள் சந்நிதியில் நின்றிருக்கிறாய். உள்ளே இருட்டு, திருமேனியும் கறுப்பு. தீபம் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் தெரிகிறது. திருவடி, பிறகு திருமார்பு, பிறகு திருமுகம். அச்சு நூல் பகல் வெளிச்சம். முழுவதும் ஒரே சமயத்தில் உன் முன் கிடக்கும், நீ எங்கே வேண்டுமானாலும் கண்ணை ஓட்டலாம். குரல் தீபம், இன்னொருவர் கையில் இருக்கும், அவர் காட்டியதைத்தான் காண்பாய். ‘விளக்கு என் கையில் இல்லையே’ என்பதுதானே உன் குறை? விளக்கு எப்போது உன் கையில் இருந்தது என்று கேட்கிறேன்.

ஏட்டுச்சுவடியை நினைத்துப் பார். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழியும். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, காற்புள்ளி அரைப்புள்ளி கிடையாது. எங்கே பிரிப்பது, எங்கே மூச்சு விடுவது என்று வாசிப்பவன் முடிவுசெய்தால்தான் பொருளே பிறக்கும். ஓலையைப் படிப்பது என்பதே உரை சொல்வதுதான். தனியாக உட்கார்ந்து உதடு அசையாமல் படிப்பது அச்சு பரவிய பிறகு நமக்குத் தொற்றிய பழக்கம்.

உன் ‘என் சரித்திர’த்திலேயே பார். உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1815-ல் பிறந்தவர், நம் திரிசிரபுரத்தார். அவர் பாடல்களைச் சொல்லிக்கொண்டே போவார். பக்கத்தில் ஒரு மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார். புராணம் புராணமாக அப்படித்தான் இறங்கியது. காதால் பிடித்ததைக் கையால் எழுதிய ஒரு கூட்டத்தின் கதையை நீ காதால் கேட்டிருக்கிறாய். இதில் என்ன குறைச்சல்?

இந்த ஊர்க் கதையைச் சொல்கிறேன். நம்பிள்ளை இங்கே திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னார். கலைந்து போகிற கூட்டத்தைப் பார்த்த ஒரு சிற்றரசன், ‘இது நம்பெருமாள் கோஷ்டியா, நம்பிள்ளை கோஷ்டியா’ என்று மலைத்தானாம். அந்தக் கூட்டத்தில் ஒருவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. பகலில் கேட்டதை இரவில் எழுதி வைத்தார். அதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. தலைமுறைகள் கழித்து மணவாள மாமுனிகள் பெருமாள் திருமுன்பே ஓராண்டு அதை எடுத்துச் சொல்ல, மறுபடி அது குரலாயிற்று. குரல் ஏடாகி, ஏடு திரும்பக் குரலாகி வந்திருக்கிறது. எது அசல், எது நகல்?

ஆகவே வாசிப்பவர் குறுக்கே வருவது குற்றமில்லை. எப்படி வருகிறார் என்பதுதான் விஷயம். தீபம் பிடிக்கிறவர் அதைப் பெருமாளுக்குக் காட்ட வேண்டும். தழுதழுத்தவர் விளக்கைத் தன் முகத்துக்கே பிடித்துக்கொண்டார். அவரை விட்டு விலகு. ஒலிநூலை விட்டு விலகாதே.

சீடன்: அப்படியானால் எல்லா நூலையும் கேட்கலாமா?

குரு: அப்படி யார் சொன்னது? மூன்று வகை சொன்னாய். மூன்றுக்கும் மூன்று விதி.

தன்வரலாறு காதுக்கென்றே பிறந்தது. ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ‘நான் சின்னப் பையனாக இருந்தபோது’ என்று ஆரம்பிப்பதுதான் அதன் மூல வடிவம். டாக்டர் தி.சே.சௌ. ராஜன் இந்த ஸ்ரீரங்கத்துக்காரர். பர்மாவில் வைத்தியம் பார்த்தார், மேல்படிப்புக்கு லண்டன் போனார், அங்கே வரகனேரி வ.வே.சு. ஐயரோடு பழகினார். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜியின் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியது திருச்சியில் இவர் வீட்டிலிருந்து. ‘நினைவு அலைகள்’ என்று தன் கதையை எழுதினார். என் பேத்தி அதை வாசித்துக் கைப்பேசியில் பதிந்து கொடுத்தாள். பதினேழு வயசுப் பெண்ணின் குரல். நடுவில் குக்கர் விசில் வேறு. இரண்டாம் நாளே அவள் குரல் மறைந்துவிட்டது, டாக்டர்தான் பேசினார். நடிக்காத குரலின் பலன் அது. பாம்பே கண்ணன் ‘பொன்னியின் செல்வ’னைப் பல குரல்களில் ஒலிநூல் ஆக்கினார், நாவலுக்கு அது தகும். தன் கதைக்கு ஒரு குரல் போதும். ‘என் சரித்திரம்’ 1940 முதல் விகடனில் தொடராக வந்து, 1942-ல் உ.வே.சா.வின் மறைவோடு பாதியில் நின்றது. அச்சில் அது கடைசிப் பக்கம். காதில், பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து போனதுபோல இருக்கும். அந்த மௌனத்துக்காகவே அதைக் கேட்க வேண்டும்.

பயண நூல் பாதி காதுக்கு, பாதி கண்ணுக்கு. சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யை எடுத்துக்கொள். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதும், நடுவில் இந்தத் தீவு கிடப்பதும், கல்லணைப் பக்கம் இரண்டும் நெருங்குவதும் உன் கால் அறிந்த பூமி. சொன்னவுடன் தெரிந்துவிடும். குடகுப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் வரும்போது பெயர் மட்டும் காதில் விழும், ஊர் தெரியாது. தீபம் இருக்கிறது, எந்தப் பிராகாரத்தில் நிற்கிறோம் என்பது புரியவில்லை. ஆகவே கேட்பதற்குமுன் வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்.

கலை நூல்தான் கஷ்டம். சில்பி வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்க’ளை ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டினார். விளக்கம் கேட்டது; கோடு கேட்கவில்லை. ‘அழகிய சிற்பம், அற்புதமான வேலைப்பாடு’ என்று எழுதுகிறவர்களின் நூல் ஒலியில் வந்தால் இன்னும் மோசம். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரியும். ஆனால் வழி உண்டு. நம் கோயில் சேஷராயர் மண்டபத்துக் குதிரையைச் சொல்ல வேண்டுமானால் அடியிலிருந்து ஆரம்பி. கீழே காலாட்கள், பாயும் புலி. மேலே தூக்கிய முன்னங்கால் இரண்டும் அந்தரத்தில். அதற்கும் மேலே ஈட்டி ஓங்கிய வீரன். ஒவ்வொன்றாக விளக்கை ஏற்று. திருப்பாணாழ்வார் அதைத்தான் செய்தார். அமலனாதிபிரான் பத்தே பாசுரம். திருவடியில் தொடங்கி, ஆடை, உந்தி, உதரபந்தம், மார்பு, கழுத்து, வாய், கண் என்று ஏறுகிறார். எத்தனை நூற்றாண்டுக்கு முன் பாடியது! இன்றும் கேட்பவனுக்குத் தீபம் நகர்வது தெரிகிறது.

ஒலிநூலின் உண்மையான குறை வேறு. கேள்வி என்றால் கேட்பதும்தான், வினவுவதும்தான். ஈட்டைத் திறந்து பார். இன்னார் இப்படிக் கேட்டார், அதற்கு இவர் இப்படிச் சொன்னார் என்று கூட்டத்தின் குரல்கள் உள்ளேயே கிடக்கும். உன் கருவியிடம் குறுக்கே பேச முடியாது. அது தன்பாட்டுக்கு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். நான் இவ்வளவு நேரம் சொன்னதில் உனக்கு ஒன்றும்…

சீடன்: ஐயா, ஒன்று இருக்கிறது. நீங்கள்தான் இடம் கொடுக்கவில்லை.

குரு: ம். கேள்.

சீடன்: திருப்பாணாழ்வார் உறையூர்ப் பாணர். குலத்தின் பெயரால் கோயிலுக்குள் வர இயலாமல் காவிரித் தென்கரையில் நின்று பாடியவர் என்கிறது கதை. அதுவரை அரங்கனை அவர் கேட்டறிந்தார், அவ்வளவுதான். லோகசாரங்க முனிவர் தோளில் வந்து, கண்ணால் கண்ட பிறகு, இந்தக் கண் இனி வேறொன்றைக் காணாது என்று முடித்துவிட்டார். கேட்டது போதும் என்றால் அவர் அந்தக் கரையிலேயே நின்றிருக்கலாமே?

*(குரு சிறிது நேரம் பேசவில்லை.)*

குரு: நன்றாக மாட்டினாய். காண்பது பெரிது, அதை நான் மறுத்தால் பொய். உன் கண் நன்றாக இருக்கிறது, ஆகவே கேட்ட நூலில் மனசைத் தொட்டதை அச்சில் தேடி ஒருமுறை பார்த்துவிடு. ஆனால் ஒன்று. கண்டவர் அதோடு நிற்கவில்லை, பாடினார். எனக்கு இந்த மூன்று வருஷமாக மூலஸ்தானத்தில் தீபம் ஒரு மஞ்சள் புகை மாதிரிதான் தெரிகிறது. வாசலில் நின்று பத்துப் பாசுரத்தையும் வரிசையாகச் சொல்லிக்கொள்கிறேன். எட்டாவது பாசுரம் வரும்போது கண் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது.