தராசு முள் யாருக்காக?

வியாபாரிகளாகிய நம்மிடம் ஒரு கேள்வி. தராசின் நடுவே நிற்கும் முள் யாருக்காக? நிறுக்கிறவருக்கு மட்டும் என்றால் அதைத் துணி போட்டு மூடிவிடலாம். “நான் யோக்கியன், என் வார்த்தையை நம்பி வாங்கிச் செல்லுங்கள்” என்று சொல்லலாம். அப்படிச் சொல்லும் கடைக்கு யார் போவார்? முள் இருப்பது வாங்குகிறவருடைய கண்ணுக்காகவே.

இந்தியாவில் ஓட்டு யந்திரத்தைப் பற்றி நடந்து வரும் விவாதத்தின் சாரமும் இதுதான். 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் அந்த யந்திரம் முதன் முதலாக வைக்கப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அச்சாவடிகளில் மறு ஓட்டுப் பதிவு நடந்தது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, 2004 முதல் பாராளுமன்றப் பொதுத் தேர்தல் முழுவதும் யந்திரத்தாலேயே நடைபெற்று வருகிறது.

யந்திரத்தால் நன்மையே இல்லை என்பது நியாயமன்று. சீட்டுக் காலத்தில் சாவடியைக் கைப்பற்றி, கட்டுக் கட்டாக முத்திரை குத்திப் பெட்டியை நிரப்பினவர்கள் உண்டு. யந்திரமோ நிமிடத்திற்கு நான்கைந்து ஓட்டுக்கு மேல் ஏற்காது. ஆனால் பொத்தானை அழுத்தினவர், தம் ஓட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று காண வழியில்லாதிருந்தது. முள் இல்லாத தராசு!

2013-ல் சுப்ரீம் கோர்ட், காகிதச் சாட்சியம் இன்றியமையாதது என்று கூறிற்று. 2019 பொதுத் தேர்தலில் அது எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. சின்னம் பதிந்த சீட்டு, கண்ணாடிக்குப் பின் ஏழு விநாடி தெரிந்து பெட்டியில் விழுகிறது. ஒவ்வொரு சட்டசபைப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் கோர்ட் ஏற்கவில்லை. இரண்டாம், மூன்றாம் இடத்தில் வந்த அபேட்சகர் கேட்டால், நூற்றுக்கு ஐந்து யந்திரங்களைச் சோதிக்க மட்டும் வழி செய்தது. செலவு கேட்பவருடையது, தில்லுமுல்லு தெரிந்தால் பணம் திரும்பும்.

“திருட்டு நடந்ததற்கு ருசு எங்கே?” என்று கேட்பது தராசைப் பிடித்திருப்பவருக்கு அழகல்ல. ருசுக் காட்டும் பொறுப்பு அவருடையது. ஜெர்மனியின் அரசியல் சட்டக் கோர்ட் 2009-ல், களவு நடந்ததாகச் சொல்லாமலே, அந்நாட்டு யந்திரங்களைத் தள்ளிற்று. தனிப்பட்ட நிபுணத்துவமில்லாத பிரஜையும் ஓட்டெண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதே அது சொன்ன காரணம்.

சந்தேகிப்பவருக்கும் கடமை உண்டு. வென்ற ஊரில் யந்திரம் நல்லது, தோற்ற ஊரில் கெட்டது என்பது, சந்தையில் விலை இறங்கின பிறகு எடையைக் குறை சொல்வதற்கு ஒப்பாகும். மறு எடை சரியாயிருந்தால் வாய் பேசாமல் பணத்தை வைக்க வேண்டும்.

யோக்கியமாக நிறுப்பது ஒரு கடமை. அதைப் பிறர் காண இடங்கொடுப்பது மற்றொரு கடமை. முன்னதைச் செய்தோம் என்பதால் பின்னது தீர்ந்துவிடாது. ஆகவே சீட்டுகளை இன்னும் அதிகமாக எண்ணுவதே நேர்மையென்று நமக்குப் படுகிறது. அதற்கு ஒரு நாள் கூடுதலாகப் போனால் போகட்டும். எழுதப்படுவது ஐந்தாண்டுக் கணக்கல்லவா?