கஞ்சாவும் அரசாணையும் சிவநெறியும்

அரசாணை விலக்காதொழிந்த பொருளொன்று அக்காரணத்தானே நுகர்தற்குரியதாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. மேனாடுகள் சில களிப்பின்பொருட்டுக் கஞ்சாவை நுகர்தற்கு வயதுவந்தோர்க்கு உடன்பட்டமையானும், மயிலையிலும் அடையாற்றிலும் கற்ற இளைஞர் சிலர் ‘அது சிவபெருமானுக்கு உவந்த மூலிகையன்றோ?’ என எம்மை வினவுதலானும் இவ்வாராய்ச்சி வேண்டப்படுவதாயிற்று.

முதற்கண் சட்டநிலை கூறுதும். கனடா 2018-ஆம் ஆண்டு முதல் 30 கிராம் வரையும், ஜெர்மனி 2024-ஆம் ஆண்டு முதல் 25 கிராம் வரையும் உலர்ந்த கஞ்சாவைப் பொதுவிடத்து உடன்கொண்டிருத்தலை வயதுவந்தோர்க்கு உடன்பட்டன. நம் நாட்டு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டமோ அச்செடியின் பிசினையும் பூந்தலையையும் விலக்கி, பூந்தலையொடு கூடாத இலையையும் விதையையும் அவ்விலக்கினுள் அடக்காது விடுத்தது. அதுபற்றியே காசியில் இலையாலாகிய பாங்கு உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகின்றது. கஞ்சா சிறிதளவு, அஃதாவது 1 கிலோ வரை, வைத்திருந்தார்க்கு ஓராண்டு வரை சிறையாதல் அபராதமாதல் இரண்டுமாதல் உண்டு. 20 கிலோவின் மிக்கதாயின் சிறை 10 ஆண்டிற் குறையாது.

இவ்வளவைகள் உலகியல் ஒழுங்கு கருதி மக்கள் வகுத்தன, நாடுதோறும் வேறுபடுவன. 30 கிராமில் குற்றமின்மையும் அதனின் மிக்கவழிக் குற்றமுண்மையும் நீதிமன்றத்திற்கு ஏற்புடையன. உயிரின் கட்டு நிறைகோலால் அளக்கப்படுவதன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. தனு கரணங்களைத் துணைக்கொண்டே சகலத்தில் அறிவு விளங்கப்பெறுவது. மயக்கப்பொருள் அக்கரணங்களைத் திரித்தும் ஒடுக்கியும் உயிரைக் கேவல இருள் நோக்கி ஈர்க்கும். நோய் தீர்த்தற்கு மருத்துவர் அளவறிந்து கொடுப்பது வேறு. அஃது ஈண்டு ஆராய்ச்சியன்று.

அற்றேல், மயக்கத்தில் யான் எனதென்பது மறைந்து கவலை ஒழிதலின் அது சிவாநுபவத்தை ஒக்குமெனின், அற்றன்று. எண்ணெய் வற்றி விளக்கு அவிந்தவிடத்தும் விளக்கொளி இல்லை. ஞாயிறு எழுந்தவிடத்தும் அது விளங்குவதில்லை. இன்மை ஒன்றாயினும் காரணம் வேறு. முன்னது கேவலம்; பின்னது சுத்தம். மயக்கந் தெளிந்தவன் பண்டைப் பற்றொடும் சினத்தொடுமே எழுதல், மலம் சிறிதும் நீங்காமைக்குச் சான்றாம்.

இனி, வடநாட்டுத் துறவியர் சிலர் சிவன்பெயர் சொல்லிப் புகைக்கின்றனரே எனின், இறைவன் தேவர்களைக் காத்தற்பொருட்டு நஞ்சுண்டான். அதுகொண்டு நஞ்சுண்டலை நமக்கு விதியென்பார் யாருமிலர். திருமூலர் திருமந்திரத்து முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமையைத் தனித்து வைத்தருளினார். கள்ளை விலக்கிய காரணம் அறிவு மயங்குதலேயாதலின், அது கஞ்சாவிற்கும் ஒக்கும்.

ஆயினும், அதற்கு அடிமைப்பட்டாரை இகழ்தல் சைவர்க்கு அடாது. மேற்கூறிய சட்டமே, நுகர்ச்சியாலேனும் சிறிதளவு வைத்திருந்தமையாலேனும் குற்றஞ்சாட்டப்பெற்ற அடிமைப்பட்டார் தாமே முன்வந்து உரிய நிலையத்தில் மருத்துவம் பெறுவாராயின், வழக்கினின்றும் அவரைக் காக்கின்றது. தண்டம் மறக்கருணையாயின் இஃது அறக்கருணை. மடங்களும் சைவசபைகளும் இவ்வறக்கருணைக்குத் துணைநின்று, அன்னார்க்கு அடியார் கூட்டுறவைத் திறந்து வைத்தல் கடன். தீயதைச் சார்ந்து அதன் வண்ணமாய உயிர் நல்லதைச் சார்ந்து அதன் வண்ணமாதலும் உண்டன்றோ?

ஆகவே, அரசு விடுத்தமையால் கஞ்சா சிவநெறிக்கு விதியாகாது. அரசு விலக்கியமையால் மட்டும் விலக்காயதுமன்று. உயிர் யாதனைச் சார்ந்து யாதாகின்றது என்பதே ஈண்டு அளவுகோல் என்க.