கூண்டும் வானமும்

செய்யாமல் இருக்க முடியாத செயல்கள் சில உண்டு. அவற்றைச் செய்து முடித்தபின் நம் கை தூய்மையாக இருக்கிறதா என்பது அறநூல்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா. உயிரைக் காக்க மருத்துவர் காலை வெட்டி எடுக்கிறார்; ஊரைக் காக்க அரசன் ஏரியின் கரையை உடைத்து வெள்ளத்தைச் சிலருடைய வயலில் விடுகிறான். 'வேறு வழியில்லை' என்ற ஒரு சொல் எல்லாக் கணக்கையும் தீர்த்துவிடுமா? இவ்வினாவை நூல்களில் படித்து உணர்ந்ததைவிட, எழுத்தறியாத ஒரு வங்க மூதாட்டியின் வாயால் கேட்டு உணர்ந்ததே மிகுதி எனலாம்.

2008 சனவரியில் மேற்கு வங்கத்தில் பறவைக் காய்ச்சல் பரவியது. பீர்பூம் மாவட்டத்திலும் தெற்குத் தினாஜ்பூரிலும் முதலில் தோன்றிய நோய், சில வாரங்களுள் 13 மாவட்டங்களை எட்டியது. ஏறத்தாழ 40 இலட்சம் கோழிகளும் வாத்துகளும் அழிக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை பண்ணைப் பறவைகள் அல்ல; குடிசையின் புறக்கடையில் ஐந்தும் பத்துமாக வளர்ந்தவை. கல்கத்தாவில் எங்கள் வீட்டில் அக்காலத்தில் வேலைசெய்துவந்த மூதாட்டிக்குப் பீர்பூமில் ஒரு சிற்றூர். பொங்கல் கழிந்து ஊருக்குச் சென்றவர், பத்து நாள் கழித்துத் திரும்பிவந்து சமையலறை வாயிலில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் சென்றபின் நடந்ததைச் சொன்னார்.

வீட்டில் இருந்தவை பதினோரு கோழிகள். ஒன்றுக்கும் நோயில்லை. பக்கத்து ஊரில் நோய் கண்டதால், வரையப்பட்ட வட்டத்துக்குள் இவர் குடிசையும் அகப்பட்டது. வெண்ணிற உறையால் உடல் முழுவதும் மூடிக்கொண்டு வந்தவர்களைக் கண்டு கோழிகள் கூரைமீதும் வேலிக்கு அப்பாலும் ஓடிவிட்டன. எவ்வளவு முயன்றும் பிடிக்க இயலவில்லை. இறுதியில் மூதாட்டியையே அழைக்கச் சொன்னார்கள். அவர் கையில் அரிசி நொய்யை எடுத்துக்கொண்டு, நாள்தோறும் அழைப்பதுபோல் "ஆய், ஆய்" என்று அழைத்தார். வங்கமொழியில் அது 'வா, வா' என்பதாகும். பதினொன்றும் வந்தன.

"பாபு, நோயில் செத்திருந்தால் நானே குழிதோண்டிப் புதைத்திருப்பேன். என் குரலை நம்பி வந்தவற்றைப் பிடித்துக் கொடுத்தேனே" என்றார் அவர். அன்று நான் அறிந்த ஆறுதல்களையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நோய் மனிதருக்குத் தொற்றும் என்றேன். அரசு பணம் தரும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். அவர் கேட்டது இவற்றுள் எதுவும் அன்று என்பது எனக்குப் பிறகே விளங்கியது.

நோய் வந்த வழி

கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் நோய் ஒன்றை இத்தாலி நாட்டில் பெரோன்சித்தோ என்ற அறிஞர் 1878-இல் முதன்முதலாக விரித்துரைத்தார். அது இன்ஃபுளுவென்சா இனத்தைச் சார்ந்த நச்சுயிரியால் வருவது என்பது 1955-இல் தெளிவாயிற்று. பின்னர் நடந்த ஆய்வுகள் ஓர் அரிய உண்மையை வெளிப்படுத்தின. காட்டு வாத்துகளின் குடலில் இந்நச்சுயிரியின் பல வகைகள் நெடுங்காலமாகக் குடியிருந்துவருகின்றன. பெரும்பாலும் அவை அந்த வாத்துகளுக்குத் தீங்கு செய்வதில்லை. பறவையும் நச்சுயிரியும் ஒன்றோடொன்று பழகி ஒருவகை அமைதி கண்டுவிட்டன.

அந்த அமைதி குலைவது எங்கே? 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிகழ்ந்தது ஒரு சான்று. ஏப்ரல் மாதத்தில் கோழிப் பண்ணைகளில் புகுந்த நச்சுயிரி இலேசான நோயையே உண்டாக்கிற்று. ஆனால் ஒரே கூரையின்கீழ் ஆயிரக்கணக்கில் நெருங்கி நின்ற கோழிகளினூடே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி, அக்டோபர் மாதத்தில் அதுவே கொடிய கொலைநோயாக மாறிற்று. அதை ஒழிக்க ஒரு கோடியே எழுபது இலட்சம் பறவைகள் கொல்லப்பட்டன. வானில் பறக்கும் பறவையைக் கொன்றுவிட்டால் நச்சுயிரியும் அதனோடு மாயும். ஆகவே அங்கே மென்மை அதற்கு நலம். நெருக்கமான கொட்டிலிலோ, ஒரு கோழி மாய்வதற்குள் அடுத்த கோழி அருகிலேயே நிற்கிறது. கொடுமையைத் தடுப்பார் இல்லை.

இன்று உலகைச் சுற்றிவரும் நோயின் மூலமும் இத்தகையதே. 1996-இல் சீனத்தின் குவாங்தோங் மாநிலத்தில் வளர்ப்பு வாத்தினங்களிடையே அது கண்டறியப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 மனிதரைத் தொற்றி அறுவரைக் கொன்றது. அந்நகரின் கோழிகள் அனைத்தும், பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவை, ஒரு சில நாட்களில் அழிக்கப்பட்டன. 2005-இல் சீனத்தின் சிங்ஹாய் ஏரியில் 6,000-க்கும் மேற்பட்ட காட்டுப் பறவைகள் மடிந்தன. இமயத்தைக் கடந்து பறக்கும் வரித்தலை வாத்துகளே அவற்றுள் மிகுதி. கூண்டில் கூர்மை பெற்ற நோய் வானத்துக்கு ஏறிவிட்டது. 2006 பிப்ரவரியில் மராட்டியத்தின் நவாப்பூர்ப் பண்ணைகளில் அது இந்தியாவில் முதன்முறையாகத் தோன்றியது.

அதன்பின் எல்லை என்பதே இல்லாமற் போயிற்று. 2021 தொடக்கத்தில் இமாசலத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்தில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறந்து மிதந்தன. 2023-இல் அமெரிக்காவில், அழிவின் விளிம்பிலிருந்து அரும்பாடுபட்டு மீட்கப்பட்ட கலிபோர்னியக் காண்டார் கழுகுகளில் 21 மாண்டன. அதே ஆண்டு அர்ச்செந்தீனாவின் வால்தேஸ் தீபகற்பக் கடற்கரையில் யானைச்சீல்களின் குட்டிகள் ஏறத்தாழ 17,000 இறந்தன. 2024-இல் அண்டார்க்டிகப் பெருநிலத்தையும் நோய் தொட்டது. அவ்வாண்டே அமெரிக்கக் கறவை மாடுகளிலும் காணப்பட்டது.

குற்றம் யாருடையது?

நோய் வரும்போதெல்லாம் முதலில் எழும் குரல், "வெளியிலிருந்து வந்த பறவைகள் கொண்டுவந்தன" என்பது. அதில் உண்மை ஓரளவு உண்டு. வலசை வரும் பறவைகள் நோயை நெடுந்தொலைவு சுமந்து செல்வது மெய்யே. ஆனால் அது முழு உண்மை அன்று. கோழிக் குஞ்சுகளை ஏற்றிய வண்டிகளும், கழுவாத முட்டைத் தட்டுகளும், நோயென்று தெரிந்ததும் குறைந்த விலைக்கு அவசரமாக விற்றுத் தள்ளப்பட்ட கோழிகளும், பல ஊர்ப் பறவைகளை ஒரே இடத்தில் கலக்கும் சந்தைகளும் அதே வேலையைச் செய்கின்றன. வாத்துக்கு வாய் இருந்தால், "மென்மையாக இருந்ததைக் கொடிதாக்கி எனக்குத் திருப்பித் தந்தவர் யார்?" என்று கேட்கும்.

பிழைப்பின்பொருட்டுப் பிறந்த மண்ணைவிட்டு வேற்று மாநிலங்களில் வந்து குடியேறியுள்ள நமக்கு இந்த வழக்கு புதிதன்று. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், வீட்டு வாடகை ஏறினாலும், தெருவில் தொற்றுநோய் வந்தாலும், சுட்டுவிரல் முதலில் எத்திசை நோக்கி நீளும் என்பதை நாம் அறிவோம். வந்தவனைக் குற்றம் சொல்வது எளிது. இருக்கும் வீட்டைப் பெருக்குவது கடினம். நம்மீது அந்த விரல் நீளும்போது வருந்தும் நாம், பறவைமீது அதை நீட்டாதிருக்கக் கற்பது முறையன்றோ?

2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கணக்குப்படி, மனிதன் வளர்க்கும் கோழியினங்களின் மொத்த எடை, உலகிலுள்ள காட்டுப் பறவைகள் அனைத்தின் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகும். மலிவான முட்டையும் மலிவான இறைச்சியும் வேண்டும் என்று நாம் விரும்பினோம், அவ்விருப்பமே கொட்டிலாயிற்று. அதை உண்ணும் நானும் இக்குற்றத்தில் பங்குடையவன்; புறத்தே நின்று தீர்ப்புக்கூறும் உரிமை எனக்கில்லை.

துலாக்கோல்

அவ்வாறாயின் கோழிகளைக் கொல்லாமல் விட்டிருக்க வேண்டுமா? அப்படிச் சொல்ல இயலாது. 2003 முதல் உலகில் 900-க்கும் மேற்பட்ட மனிதரை இந்நோய் பற்றியதாகப் பதிவாகியுள்ளது. அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். மனிதரிடையே எளிதில் பரவும் ஆற்றலை அது பெற்றுவிட்டால் விளையக்கூடிய கேடு பெரிது. நோயுற்ற கோழி தானும் துன்புற்றே சாகிறது; அண்டையிலுள்ள கோழிகளையும் சாகடிக்கிறது. அன்று பீர்பூமில் வெண்ணிற உறை அணிந்து வந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் உயிருக்கே இடர் நேரக்கூடிய பணியைச் செய்தவர்கள்.

கொடுங்குற்றவாளியை அரசன் தண்டிப்பதை உழவன் களையெடுப்பதோடு ஒப்பிட்ட வள்ளுவரே, கொல்லாமைக்கெனத் தனி அதிகாரமும் வகுத்தார். களைக்கும் பயிருக்கும் வேறுபாடு உண்டு. குற்றவாளிக்கும் குற்றமற்றவனுக்கும் வேறுபாடு உண்டு. மூதாட்டியின் கோழிகள் களை அல்ல. அவற்றைக் கொன்றதைக் களையெடுப்பு என்று சொல்லி மனம் ஆறுவதற்கில்லை. அது தண்டனையன்று, பலி.

இவ்விடத்தில் சிபியின் கதையை நினைக்கிறேன். சோழர் தம் முன்னோன் எனப் போற்றிய அவ்வேந்தனிடம் புறா அடைக்கலம் புகுந்தது. துரத்திவந்த பருந்து, "இது என் உணவு, இதைத் தடுத்தால் நான் சாவேன்" என்றது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. சிபி பருந்தைப் பட்டினி போடவில்லை, புறாவையும் விட்டுக்கொடுக்கவில்லை, குடிமகன் ஒருவனின் ஆட்டைப் பிடித்துவரச் சொல்லவும் இல்லை. தன் தசையை அறுத்துத் துலாக்கோலில் இட்டான். தீர்ப்பு வழங்குபவனே அதன் விலையையும் தருபவனாக நின்றான் என்பதே அக்கதையின் உயிர்நிலை என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் துலாக்கோலில் இருப்பது யாருடைய தசை? ஊரைக் காக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் நாம் எல்லோரும். தட்டில் ஏறியவை ஒரு மூதாட்டியின் பதினோரு கோழிகள். அவை அவருக்குப் பேரனின் பள்ளிப் புத்தகம், மழைக்காலத்து மருந்து, விருந்தினர் வந்தால் ஒரு குழம்பு. அழிக்கப்பட்ட பறவைக்கு அரசு இழப்பீடு வழங்குகிறது. நோயால் முன்பே இறந்ததற்கு வழங்குவதில்லை. விரைந்து தெரிவிக்கத் தூண்டும் ஏற்பாடு என்ற அளவில் அது சரியே. ஆயினும் பணம் விலையை ஈடுசெய்யுமேயன்றி, அழைத்த குரலுக்கு நேர்ந்ததை ஈடுசெய்யாது.

தீராத கடன்

எனவே நான் எட்டிய முடிவு இது. ஒரு செயல் தவிர்க்க முடியாதது என்பதனாலேயே அது கடனற்றது ஆகிவிடாது. தவிர்க்க முடியாமல் செய்த தீங்கு குற்றமாகாமல் இருக்கலாம். ஆனால் கடனாக நிற்கும். குற்றத்துக்குத் தண்டனையோடு முடிவுண்டு. கடனோ, திருப்பிச் செலுத்தும்வரை நம் வாயிலில் நிற்கும். 'வேறு வழியில்லை' என்று இன்று உண்மையாகவே சொன்னவன், நாளை வேறு வழி உண்டாகப் பாடுபடக் கடமைப்பட்டவன். அடுத்த முறையும் அதையே சொல்வானாயின், முதல்முறை சொன்னதும் பொய்யாகிவிடும்.

வேறு வழிகள் இல்லாமலும் இல்லை. சீனம் பல ஆண்டுகளாகக் கோழிகளுக்குத் தடுப்பூசி இட்டுவருகிறது. பிரான்சு 2023 அக்டோபரில் தன் வாத்துப் பண்ணைகளில் அதைத் தொடங்கிற்று. காண்டார் கழுகுகளுக்கும் 2023-இல் ஊசியிட்டுப் பார்த்தனர். பல நாடுகள் தயங்குவதற்கு ஒரு காரணம் அறிவியல்: ஊசியிட்ட மந்தையில் நோய் ஓசையின்றி ஒளிந்திருக்கக்கூடும். மற்றொரு காரணம் வணிகம்: ஊசியிட்ட நாட்டின் கோழியை வாங்க மறுப்போர் உண்டு. முன்னது எண்ணிப் பார்க்கத்தக்கது. இடையறாத கண்காணிப்பால் எதிர்கொள்ளத்தக்கதும் ஆகும். பின்னது உயிரையும் ஊதியத்தையும் ஒரே தராசில் வைப்பது. கொட்டிலின் நெருக்கத்தைக் குறைத்தல், நீர்நிலைகளின் அருகில் பெரும்பண்ணைகளை அமைக்காதிருத்தல், சந்தைகளைத் தூய்மையாக வைத்தல் ஆகியவற்றால் முட்டையின் விலை சிறிது ஏறக்கூடும். அந்தச் சிறிது ஏற்றமே சிபி அறுத்த தசையில் நம் பங்கு.

நம் முன்னோர் பறவையோடு வாழத் தெரியாதவர் அல்லர். வேடந்தாங்கல் மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, தம் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஆங்கிலேய ஆட்சியரிடம் எழுத்தில் உறுதி பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கண்ட கணக்கு. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துகள் இமயம் கடந்து வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. சிங்ஹாயிலும் பாங் அணையிலும் மடிந்த அதே இனம்! அவ்வூரார் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வந்த விருந்தைப் பழிக்காமல் தம் ஆரவாரத்தை அடக்கிக்கொள்ளும் அம்மக்களின் பண்பே இந்நோய்க்கு நாம் தேடும் மருந்தில் பாதி.

மூதாட்டி மீண்டும் கோழி வளர்த்தார். தடைக்காலம் முடிந்ததும் ஆறு குஞ்சுகள் வாங்கியதாகச் சொன்னார். "முன்போலவே அழைத்ததும் ஓடிவருகின்றனவா?" என்று கேட்டேன்.

"அழைப்பதில்லை, பாபு. தட்டில் தட்டுகிறேன்" என்றார்.

அவர் செய்ததில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆயினும் தம் குரல் ஒரு கடன் பட்டிருப்பதை அவர் மறக்கவில்லை. அவரை அழைக்கச் சொன்ன உலகமாகிய நாமும் அதை மறவாதிருத்தல் வேண்டும்.