பழுதும் பகுத்தறிவும்

விலை கொடுத்தவன் பொருளுக்கு உடையவன் என்பது சந்தையின் சட்டம். பொருள் ஓடுகின்ற வரையில் அந்தச் சட்டத்தை எவரும் கேள்வி கேட்பதில்லை. ஓடிய கார் ஒரு நாள் நடுச்சாலையில் நின்றுவிடுகிறது. பிரித்துப் பார்த்தால், உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு புஷ் தேய்ந்து கிடக்கிறது. கடை கடையாக ஏறி இறங்கினால், "அந்த மாடலா? அதற்குச் சாமான் வருவது நின்று ஆண்டுகள் பல ஆயினவே!" என்று கை விரிக்கின்றனர். செய்து விற்ற தொழிற்சாலையோ கதவைச் சாத்திக்கொண்டது. அல்லது, 'பழையதை எறி, புதியதை வாங்கு' என்று பாதை காட்டுகிறது. இப்போது சொல்லுங்கள், அந்தக் காருக்கு உடையவன் யார்? பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவனா? தேய்ந்த புஷ்ஷைக் கையில் எடுத்து, அளந்து, ஆராய்ந்து, அதுபோல் இன்னொன்றைக் கடைந்து பொருத்தி ஓட்டிக் காட்டுகிறானே, அவனா?

வேதாந்திகளிடம் இதைக் கொண்டுபோனால் வேறொரு விசாரணையைத் தொடங்கிவிடுவர். மூன்று முறை காம்பும் இரண்டு முறை இரும்பும் மாற்றப்பட்ட கோடரி, பழைய கோடரிதானா, புதிய கோடரியா என்று பொழுது சாயும்வரை வாதாடுவர். விறகு பிளப்பவனைக் கேளுங்கள். 'பிளக்கிறதா?' என்பான், பிளந்தால் போதும் அவனுக்கு. நமக்கும் அதுவே போதும். உறுப்பு மாறிய கார் அதே கார்தானா என்பதன்று நம் வினா. உறுப்பை நாமே செய்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டா, அந்த உரிமைக்கு உரிய அறிவு நம்மிடம் உண்டா, அந்த அறிவுக்குரிய பொறுப்பை நாம் ஏற்கிறோமா – இம்மூன்றுமே வினா.

இந்த வினாக்களை ஏட்டிலே அல்ல, வீதியிலே சந்தித்த நாடு ஒன்று உண்டு. அதுதான் கியூபா. 1959க்கு முன்னர் அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய செவ்ரோலே, ஃபோர்டு, பியூக், பிளிமத் கார்கள் அத்தீவெங்கும் ஓடின. புரட்சி வந்தது. 1960இல் அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை போடத் தொடங்கியது. 1962 பிப்ரவரியில் வணிகத் தடை முழுமை பெற்றது. அன்றிலிருந்து அந்தக் கார்களுக்குத் தாயகத்திலிருந்து உதிரி உறுப்புகள் நேர் வணிகத்தில் வரும் வழி அடைபட்டது. நின்றுவிட்டனவா அந்த வண்டிகள்? இல்லை! அறுபது ஆண்டுகள் கடந்தும் ஆவானா நகரத் தெருக்களில் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

எப்படி ஓடின? பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் அமெரிக்க எஞ்சின்களை இறக்கிவிட்டு, வேறு வண்டிகளின் டீசல் எஞ்சின்களை ஏற்றினர். ஏற்றுவது எளிதா? அமெரிக்கன் அங்குலக் கணக்கில் மரை வெட்டியிருப்பான். ரஷ்யன் மில்லிமீட்டரில் வெட்டியிருப்பான். இந்த எஞ்சினின் துளையும் அந்த கியர்பாக்ஸின் துளையும் ஒன்றையொன்று அறியா. இரண்டுக்கும் நடுவே கனத்த தட்டு ஒன்றை அறுத்து, ஒரு புறம் இதன் துளைகளையும் மறுபுறம் அதன் துளைகளையும் இட்டு, இரண்டின் அச்சும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் நிற்கச் செய்தாக வேண்டும். வாஷிங்டனும் மாஸ்கோவும் கைகுலுக்க மறுத்த காலத்தில், அவ்விரண்டின் இரும்புகளையும் கைகுலுக்க வைத்தவன் கியூபாவின் பட்டறைத் தொழிலாளி!

1961இல், தொழில்துறை அமைச்சராக இருந்த சே குவேரா, உன் பொறியை நீயே செய்துகொள் என்று தொழிலாளரை அறைகூவி அழைத்தார். 1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியபோது எண்ணெயும் உதிரி உறுப்புகளும் அருகின. மறு ஆண்டே, மக்கள் தாமே கண்டறிந்த செய்முறைகளைத் தொகுத்து, 'நம் சொந்த முயற்சியால்' என்று பொருள்படும் பெயரில் ஒரு நூல் அங்கே வெளிவந்தது. ஒருவன் கண்டதை ஊருக்கே ஈந்தனர். 'பரம்பரை இரகசியம்' என்று பானைக்குள் பூட்டவில்லை.

செய்முறையைச் சற்றே கவனிப்போம். அதிலே பகுத்தறிவின் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது. தேய்ந்த தண்டைப் போலவே இன்னொன்று செய்ய வேண்டுமெனில், தேய்ந்த இடத்தை அளந்தால் தேய்மானத்தையே நகலெடுத்தவர் ஆவோம். பேரிங் படாத ஓரத்தைத் தேடி அங்கே அளக்க வேண்டும். அங்குதான் முதலில் செய்தவனின் எண்ணம் அழியாமல் இருக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு சுருங்கும்; ஆகவே நூறு மில்லிமீட்டர் உறுப்புக்கு நூற்றொரு மில்லிமீட்டரில் மர மாதிரியைச் செதுக்க வேண்டும். அலுமினியமாயின் இன்னும் சற்றுக் கூட்ட வேண்டும். இவை மட்டுமா? இது ஏன் தேய்ந்தது? எண்ணெய் எட்டவில்லையா? எதிர்த்துச் சுழலும் உறுப்பு வளைந்திருக்கிறதா? காரணத்தைக் காணாமல் உறுப்பை மட்டும் மாற்றினால், அடுத்த மழைக்காலத்துக்குள் அதுவும் தேயும். 'முன்னோன் செய்தான், நானும் செய்கிறேன்' என்பவனுக்கு இந்தத் தொழிலில் இடமில்லை. ஏன், எதனால், எவ்வளவு என்று கேட்பவனுக்கே இரும்பு பணிகிறது.

ஆனால் நம் நாட்டிலே நடந்தது என்ன? ஏட்டறிவு ஒரு புறம், கையறிவு மறு புறம் எனப் பிரித்து, நடுவிலே பிறப்பு என்னும் சுவரை எழுப்பினர். இரும்பை உருக்கத் தெரிந்தவனுக்கு எழுத்தை மறுத்தனர். எழுத்தறிந்தவனோ இரும்பைத் தொட்டால் இழிவு என்று எண்ணினான். தோலைப் பதப்படுத்தியவனைத் தீண்டத்தகாதவன் என்று தள்ளினர்; அந்தத் தோலில் வெட்டிய வாஷர் அக்கிரகாரத்துப் பம்புக்குள்ளே புகுந்தது, வெட்டியவன் அக்கிரகாரத்துக்குள்ளே புக முடியவில்லை! கையையும் கருத்தையும் பிரித்த நாட்டில் புதுமை எப்படிப் பிறக்கும்? கண்டுபிடிப்பு என்பது கை தடுமாறும் இடத்தில் கருத்து விழிப்பதும், கருத்து தடுமாறும் இடத்தில் கை துழாவுவதும் அன்றோ?

ஆண்டுக்கு ஒரு நாள் வருகிறது ஆயுத பூசை. ஸ்பேனருக்குச் சந்தனம், லேத்துக்கு மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். மற்ற நாட்களிலோ, அந்த ஸ்பேனரைப் பிடித்தவனை 'டேய்' என்று அழைக்கும் நாக்கு கூசுவதில்லை. கருவிக்குக் கும்பிடு, கருவி பிடித்த கைக்கு அவமதிப்பு! எலுமிச்சம்பழம் நசுங்கியதால் எந்த வண்டியின் பிரேக்கும் சீர்பட்டதில்லை. பிரேக்கைச் சீராக்கியவன் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த மனிதனே.

சுவரைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகமே சான்று தந்திருக்கிறது. கோவை ஜி. டி. நாயுடு, 1893இல் பிறந்து 1974இல் மறைந்தவர், பள்ளிப் படிப்பை இளமையிலேயே உதறியவர். மோட்டார் மீது கொண்ட வேட்கையால் பிரித்தும் பூட்டியும் கற்றார். 1920இல் ஒரே ஒரு பேருந்தோடு தொழிலில் இறங்கினார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து மின் மோட்டார் செய்து காட்டினார். வந்த பொருளை வணங்கிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா? பிரித்ததால் நடந்தது! வார்ப்பட ஆலைகளும் லேத் பட்டறைகளும் கோவையில் பெருகிய வரலாற்றில், பிறர் செய்த பொறியைப் பழுது பார்த்துப் பார்த்துத் தாமே செய்யக் கற்ற கைகளுக்குப் பெரும் பங்குண்டு.

இதுவரை உரிமையையும் அறிவையும் பேசினோம். இனிப் பொறுப்பைப் பேச வேண்டும். இங்கேதான் நம்மவரிற் பலர் வழுக்குகின்றனர். 'என் வண்டி, என் விருப்பம், எதை வேண்டுமாயினும் மாட்டுவேன்' என்று மார் தட்டுவோர் உண்டு. சாலை உன்னுடையதா, நண்பனே? கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியை நீயே செய்துகொள். முறிந்தால் வியர்வையோடு போகும். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ரப்பரையும் அப்படியே கருதலாமா? பிரேக் எண்ணெய்க்கென அமைந்த அந்த ரப்பர், எஞ்சின் எண்ணெய் பட்டால் உப்பிப் பயனற்றுப் போகும். பிரேக் எண்ணெய் நீரை உறிஞ்சும். நீர் கலந்த எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியானால், மிதித்த மிதி ஆவியை அழுத்துமேயன்றிச் சக்கரத்தைப் பிடிக்காது. அப்போது உன் வண்டியின் முன்னே நிற்பது யார்? பள்ளி விட்டு வரும் குழந்தை! உன் துணிச்சலுக்கு அந்தக் குழந்தை கையொப்பமிட்டதா?

ஆகவே நாம் கூறும் விதி இது: முறிந்தால் செய்தவனை மட்டும் வருத்தும் உறுப்பில் துணிவு அறிவுடைமை, முறிந்தால் அயலானைக் கொல்லும் உறுப்பில், சோதித்துத் தேறாத துணிவு கொடுமை. பிரேக்கும் ஸ்டியரிங்கும் இரண்டாம் வகை. அவற்றைச் செய்யவே கூடாது என்பதன்று; எந்த உலோகம், எந்த ரப்பர், எவ்வளவு சுமை என்று தெரிந்து, சோதித்து, தெரிந்தவர் கண்ணுக்கும் காட்டித் தேறியபின்னரே சாலைக்குக் கொண்டுவர வேண்டும். தெரியாதபோது 'தெரியாது' என்று நிறுத்துவதும் பகுத்தறிவின் பாற்பட்டதே.

இன்னொரு கடமையும் உண்டு. தானே செய்த உறுப்பைத் தானே செய்தது என்று கூறி மாட்டுபவன் கைவினைஞன். அதையே பெயர்பெற்ற நிறுவனத்தின் அட்டைப்பெட்டியில் அடைத்து விற்பவன் கயவன். இரும்பு ஒன்றாக இருக்கலாம், அறம் ஒன்றல்ல.

இனி, கியூபாவைப் புகழ்ந்தோமே, அந்தப் புகழ்ச்சியிலும் ஒரு பொறி இருக்கிறது. சுற்றுலா வந்தவன் வண்ண வண்ணமான பழைய கார்களைப் படம் பிடித்து, 'என்ன அழகு!' என்று வியந்து திரும்புகிறான். அந்தக் காரை ஓட்டுபவனுக்கு அது அழகா? வெளியிலிருந்து வல்லரசின் வணிகத் தடை அழுத்தியது. உள்ளேயோ, 2011 வரையில் புரட்சிக்கு முந்திய கார்களை மட்டுமே மக்கள் தம்முள் தடையின்றி வாங்கவும் விற்கவும் முடிந்தது. 2014இல் அரசு புதிய கார்களை விற்பனைக்கு வைத்தபோது, ஒரு பூஜோ காருக்கு இரண்டரை இலட்சம் டாலருக்கு மேல் விலை எழுதியிருந்தது! ஏழையின் சாமர்த்தியத்தை மெச்சுவது எளிது. அவனை அந்தச் சாமர்த்தியத்துக்குத் தள்ளியவர் யார் என்று கேட்பதே கடினம். கிழிந்த சட்டையை நேர்த்தியாகத் தைத்தவளின் கைவண்ணத்தைப் பாராட்டுவோம். ஆனால் அவளுக்குப் புதுச் சட்டை ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியை அந்தப் பாராட்டுக்குள் புதைக்க விடமாட்டோம். வறுமை கற்பித்தது என்பதற்காக வறுமைக்கு நன்றி கூற முடியாது.

வளம் மிக்க இடத்தில் வேறொரு பூட்டு தொங்குகிறது. அறிவைப் பொருளுக்குள் அடைத்துச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றனர் பெருநிறுவனத்தார். அதனால்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, கார்களைப் பழுது பார்ப்பதற்கான தகவல்களைத் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்றனர். இந்திய அரசும் 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. செய்தவர்களும் பாடம் கற்கின்றனர். முன்னூறுக்கும் குறைவாகவே தயாரான தன் 959 காருக்கு, வார்ப்படமின்றி உலோகத் துகளை லேசர் ஒளியால் உருக்கி கிளட்ச் நெம்புகோல் செய்து தருவதாக போர்ஷே நிறுவனம் 2018இல் அறிவித்தது. முப்பரிமாண அச்சுப்பொறி இன்று சிறு பட்டறைக்கும் வந்துவிட்டது. ஆயினும் அதற்கும் அறிவு வேண்டும். அதில் பெரிதும் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் இளகும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள்ளேயே வளைந்துவிடும். புதிய கருவி வந்ததாலேயே பழைய கேள்விகள் ஓய்ந்துவிடுவதில்லை.

எனவே நாம் வேண்டுவது என்ன? பள்ளிதோறும் பட்டறை வேண்டும். அதிலே எந்தச் சாதியில் பிறந்த பிள்ளையும், ஆணாயினும் பெண்ணாயினும், ஒரு பொறியைப் பிரித்துப் பூட்டிப் பழக வேண்டும். பட்டறையில் உழைப்போருக்கு வரைபடம் படிக்கும் கல்வி வேண்டும். பட்டம் பெற்றோருக்கு அரம் பிடிக்கும் பயிற்சி வேண்டும். பழுது பார்ப்பவரை 'வாங்க' என்றழைக்கும் நாகரிகம் எல்லோருக்கும் வேண்டும்.

பழுதுற்றது காராயினும் சமுதாயமாயினும் முறை ஒன்றே. விதி என்று விட்டுவிடாதே, பிரித்துப் பார். தேய்ந்தது எது என்று காண். தேய்த்தது எது என்றும் காண். அயலானுக்குக் கேடு வராமல் புதியதைச் செய். செய்த முறையை ஊருக்குச் சொல். அவ்வாறு செய்பவனே பொருளுக்கு உடையவன். மற்றவனிடம் இருப்பது வெறும் ரசீது!