குணமும் குற்றமும் ஒரே அடுக்கில்

ஒரு பொருளின் குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே பிரித்து எடைபோட முடியுமா என்ற கேள்விக்கு, ஏஎம்டி நிறுவனம் 2022 ஏப்ரலில் விற்பனைக்குக் கொண்டுவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற மேசைக் கணினிச் செயலி நல்ல சான்று. அதன் சில்லின்மேல் 64 எம்பி கேஷ் நினைவகம் கூடுதலாக அடுக்கப்பட்டது. முன்னோடியான 5800எக்ஸில் 32 எம்பியாக இருந்த மூன்றாம் நிலை கேஷ் இதில் 96 எம்பி ஆனது. தேவையான தரவு பக்கத்திலேயே கிடைப்பதால் பிரதான நினைவகத்துக்குப் போய்வரும் தாமதம் குறைந்தது. விளையாட்டுகள் பலவற்றில் வேகம் கூடியது இதனால்தான்.

அதே அடுக்கு வெப்பம் வெளியேறுவதைக் கடினமாக்கியது, மின்னழுத்தத்துக்கும் வரம்பு கட்டியது. உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5க்கு இறங்கியது. பயனரே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் ஓவர்கிளாக்கிங் வசதி பூட்டப்பட்டது. முப்பரிமாணப் படமாக்கம் போன்ற, கேஷை அதிகம் சாராத வேலைகளில் முன்னோடியே சற்று முந்தியது.

ஒரு பொருளின் நன்மை அதன் செயலில் இருக்கிறது என்றார் அரிஸ்டாட்டில். அப்படியானால் எவருடைய செயல்? விளையாடுபவருக்கும் படமாக்குபவருக்கும் பொதுவான தராசு இல்லை. சோதனை முடிவுகளைச் சராசரியாக்கித் தரும் ஒற்றை மதிப்பெண் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது.

குணமும் குற்றமும் பிரிக்கவே முடியாதவை என்று முடிவுகட்டுவதும் அவசரம். 2024 நவம்பரில் வந்த, இதே வகைச் செயலியான 9800எக்ஸ்3டியில் கேஷ் சில்லுக்கு அடியில் வைக்கப்பட்டது. வெப்பத்தடை தளர்ந்தது, பூட்டும் நீங்கியது. குணத்துக்கும் குற்றத்துக்கும் இடையிலான பிணைப்பு, அமைப்பால் வந்ததே தவிர, இயல்பால் வந்ததன்று.