பட்டறையும் பாட்டும்

உழைப்பவனுக்கு இசை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே நம்மில் எவரும் தயங்காது விடை சொல்வர். ஆனால் உழைக்கும் இடத்தில் எந்த இசை, எவ்வளவு உரத்து, எவர் விருப்பின்படி ஒலிக்க வேண்டும் என்று கேட்டால் விடை அத்துணை எளிதன்று. அறம் பேசுவோர் கவனிக்கத் தகாத சிறு விடயம் இது என்று ஒதுக்கிவிடவும் இயலாது. மனிதன் விழித்திருக்கும் பொழுதின் பெரும்பகுதி தொழிலிடத்தில் கழிகிறது. அங்கே அவன் செவியில் விழுவது எது என்பது, அவன் வாழ்வின் பெரும்பகுதியைப் பற்றிய வினாவேயன்றோ?

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலப் பகுதியில், வயல்களுக்கும் மிளகுக்கொடி படர்ந்த வீட்டுத் தோட்டங்களுக்கும் இடையே, வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகைகளில் சிறு பட்டறைகள் நடைபெறுகின்றன. மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் இரு சில்லு உழவு இயந்திரமும் அங்கே திருத்தம் பெறுகின்றன. கையில் சிறிது பணம் சேர்ந்ததும் பட்டறைக்காரர் முதலில் நல்லதொரு இறுக்கி வாங்குகிறார். பிறகு காற்றடிக்கும் இயந்திரம், பிறகு வெல்டிங் இயந்திரம். அவற்றை அடுத்து வருவது பாட்டுப்பெட்டி. பழைய வாகனம் ஒன்றிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்களுக்குப் பலகையால் பெட்டி செய்து, அம்ப்ளிபயர் ஒன்றோடு இணைத்து, கைத்தொலைபேசியிலிருந்து பாட்டு வரவழைப்பது இன்று எவருக்கும் எட்டும் செலவே. "கடன் கழுத்துமட்டும் இருக்கையில் இவனுக்குப் பாட்டு ஒரு கேடா?" என்று கேட்பவர்களும் உண்டு. இக்கேள்வியை நாம் ஏற்கப் போவதில்லை. வயிறு நிறைந்தவனுக்கே இசை உரியது என்பது பழைய நிலவுடைமைக்காலத்து எண்ணம். அதைச் சிக்கனம் என்ற பெயரால் புதுப்பிக்க வேண்டியதில்லை.

உழைப்பும் பாட்டும் அந்நியமானவையும் அல்ல. ஏற்றம் இறைத்தவன் பாடினான். நாற்று நட்டவள் பாடினாள். மலையகத் தோட்டத்தில் கொழுந்து கொய்தவர்கள் பாடினார்கள். அப்பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணியை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அங்கெல்லாம் கையின் அசைவே தாளமாயிற்று. மூச்சின் அளவே அடியின் அளவாயிற்று. ஆனால் இயந்திரப் பட்டறையில் நிலைமை வேறு. அரைக்கும் சக்கரத்தின் சுழற்சிக்கு ஏற்பப் பாட எவராலும் இயலாது, பாடினாலும் கேட்காது. வேலையின் உள்ளிருந்து எழுந்த பாட்டு ஓய்ந்துபோக, வெளியிலிருந்து கொண்டுவரப்படும் பாட்டு அதன் இடத்தைப் பிடிக்கிறது. உள்ளிருந்து எழுவது எவருடையது என்ற வினா பிறப்பதில்லை. வெளியிலிருந்து வருவதோ எவரேனும் ஒருவர் தெரிந்து இடுவது. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

ஒலியை ஆணையாக்கும் வழக்கம் மலையக மக்களுக்குப் புதிதன்று. தோட்டங்களில் விடியுமுன் தப்பு முழங்கும். அது பிரட்டுக் களத்துக்கு ஆட்களைத் திரட்டும் அழைப்பு. அதே தப்பு காமன் கூத்திலும் முழங்கும். தோல் ஒன்றே, அடிக்கும் கையும் ஒன்றாகவே இருக்கலாம். எனினும் முன்னதைக் கேட்டுக் கூலிக்காரனின் உடல் சோர்ந்தது. பின்னதைக் கேட்டு அவன் கால்கள் ஆடின. வேற்றுமை ஓசையில் இல்லை. எவர் பொருட்டு அது எழுப்பப்பட்டது என்பதில் இருந்தது.

இந்த உண்மையை முதலாளித்துவம் நன்கு உணர்ந்திருந்தது. அமெரிக்காவில் 1934இல் தோன்றிய மியூசாக் என்னும் நிறுவனம், தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கம்பிவழியே இசையை விற்றது. வேலையாட்கள் சோரும் நேரம் எது என்று கணித்து, கால் மணி நேரக் கூறுகளாக, மெல்லத் தொடங்கி விறுவிறுப்பு ஏறும்படி பாடல்களை அது அடுக்கியது. இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவது போல் மனிதனுக்கு இசை இட்டார்கள். பிரித்தானியாவில், போரின் நெருக்கடிக்கிடையே, 1940 ஜூன் மாதத்தில் பி.பி.சி. தொடங்கிய 'வேலையோடு இசை' நிகழ்ச்சியும் உற்பத்தியை நோக்கியதே. அது 1967 வரை நடைபெற்றது. தொழிலாளர் பலர் அதை விரும்பியே கேட்டனர் என்பதையும் மறைக்கலாகாது. சலிப்பூட்டும் வேலையில் எப்பாட்டும் ஆறுதலே. ஆயினும், ஆறுதல் பெறுகிறான் என்பதனால் அவன் தெரிந்தெடுத்தான் என்று ஆகிவிடாது.

தெரிந்தெடுத்தவர்களும் வரலாற்றில் உண்டு. கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865இல் ஒரு வழக்கம் தோன்றிற்று. தொழிலாளர் தம் கூலியிலிருந்து காசு சேர்த்து வாசிப்பாளன் ஒருவனை அமர்த்தினர். அவர்கள் சுருட்டுச் சுற்ற, அவன் உயர்ந்த மேடையிலிருந்து பத்திரிகையும் நாவலும் உரக்க வாசித்தான். எந்நூலை வாசிப்பது என்பதில் அவர்கள் குரலே ஓங்கிற்று. அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சி இதனைத் தடை செய்தது என்றால், அதன் வலிமை புலப்படும். தடையையும் கடந்து, கியூபத் தொழிலாளர் குடியேறிய அமெரிக்க நகரமாகிய டாம்பாவிலும் அது வேரூன்றிற்று. 1931இல் அங்கே ஆலை முதலாளிகள் வாசிப்பாளரை வெளியேற்றினர். தொழிலாளர் வேலையை நிறுத்திப் போராடியும் அவ்வழக்கம் மீளவில்லை. வாசிப்பாளன் இருந்த இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது.

நமக்கு அண்மையில், கேரளத்துக் கண்ணூரின் பீடித் தொழிலாளரிடையிலும் இத்தகைய வழக்கம் இருந்தது. ஒருவர் பத்திரிகை வாசிக்க, அவர் சுற்ற வேண்டிய பீடிகளை ஏனையோர் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தனர். 1969இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் அது தொடர்ந்தது. கேட்பதற்காகத் தம் உழைப்பில் ஒரு பங்கை ஈந்த மக்கள் அவர்கள்.

இவற்றைக் கொண்டு வாசிப்பு உயர்ந்தது, வானொலி தாழ்ந்தது என்று முடிவு கட்டுவது பிழையாகும். டாம்பாவில் பறிபோனது வாசிப்பு மட்டுமன்று, தேரும் உரிமை. அவ்வுரிமையைப் பறிப்பவர் முதலாளியாகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை, நல்லெண்ணமுடையோரும் பறிப்பர். இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர் 1952இல் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்களை ஒடுக்கினார். மக்களின் ரசனையைச் செம்மையாக்குவதே அவர் நோக்கம். மக்களோ வானொலியின் குமிழைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டனர். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டபோது திரைப்பாடலும் அகில இந்திய வானொலிக்கு மீண்டது. ஆசிரியர்களாகிய நாமும் இதிலிருந்து பாடம் பெற வேண்டும். பட்டறையில் மெல்லிய திரைப்பாட்டு ஒலித்தால் முகம் சுளித்து, புரட்சிப்பாடல் ஒலித்தால் மகிழ்ந்து தலையசைக்கும் நம் உள்ளத்திலும் கேஸ்கர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். உழைப்பவன் எதைக் கேட்க வேண்டும் என்று அவனைக் கேளாமலே தீர்மானிப்பவர் இடதுசாரியாயினும் மேற்பார்வையாளரே.

அப்படியானால் வீட்டுப் பட்டறைக்காரருக்குச் சிக்கல் ஏது? அவரே உழைப்பாளி, அவரே உடைமையாளர். தம் காசில் வாங்கிய பெட்டியில் தாம் விரும்பிய பாட்டைக் கேட்கிறார். இங்கே முதலாளியுமில்லை, அமைச்சருமில்லை. இவ்வாதம் வலியதாகத் தோன்றும். ஆனால் ஒலி, வாங்கியவரின் வேலிக்குள் நிற்பதில்லை. அதைக் கேட்போர் இன்னும் இருவர் உளர்: ஒருவன் தொழில் பழகும் பையன், மற்றவர் அயலவர்.

சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளியை விட்ட நம் மாணவர் பலர் இத்தகைய பட்டறைகளுக்கே செல்கின்றனர். அங்கே பாடநூல் இல்லை, செவியே நூல். இயந்திரத்தின் தட்டலைக் கேட்டு வால்வின் இடைவெளியை அறிவதும், சில்லின் முனகலைக் கேட்டுப் பேரிங் தேய்ந்ததை அறிவதும் பட்டறைத் தலைவரிடம் அவன் பெறும் கல்வி. நம் ஊரில் 'பாஸ்' எனப்படும் அத்தலைவருக்கு முப்பது ஆண்டுப் பழக்கத்தால் பாட்டின் நடுவிலும் அந்தத் தட்டல் கேட்கலாம், பையனுக்குக் கேட்காது. ஐயம் ஒன்றைக் கேட்கவும் அவன் கத்த வேண்டும். கத்துவதற்குக் கூச்சப்படுபவன் கேளாமலே இருந்துவிடுவான். கேள்வி கேட்க இயலாத இடம் பள்ளியாயினும் பட்டறையாயினும் கல்விக்கூடம் ஆகாது.

உடலுக்கு நேரும் கேடும் உண்டு. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கக்கூடிய எல்லை 85 டெசிபெல் என்று தொழில்நலத் துறையினர் கொள்வர். அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும்; 88க்கு நான்கு மணி நேரம், 91க்கு இரண்டு. இரும்பு அரைக்கும் கிரைண்டர் 100 டெசிபெலை எட்டுவது அரிதன்று. அந்த அளவில் கால் மணி நேரமே எல்லை. கிரைண்டரை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமெனக் குமிழைத் திருப்பினால், கேட்கும் இன்பத்துக்காகக் கேட்கும் உறுப்பையே விலையாகக் கொடுக்கிறோம். பதினேழு வயதில் இழந்த செவிப்புலன் எழுபதிலும் திரும்பாது.

அடுத்து, அயலவர். அமெரிக்கத் தலைநகரின் பஸ்களிலும் டிராம்களிலும் வானொலி இசை ஒலிபரப்பியதை எதிர்த்துப் பயணிகள் தொடுத்த வழக்கில், 1952இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒலிபரப்புக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. நீதியரசர் டக்ளஸ், மனிதனைத் தன்போக்கில் இருக்கவிடுவதே சுதந்திரத்தின் தொடக்கம் என்ற கருத்தில் மாறுபட்டார். இலங்கையிலோ 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளைப் பொதுவில் கட்டுப்படுத்தியது. கேட்க விரும்பாதவரைக் கேட்கும்படி கட்டாயப்படுத்தலாகாது என்பதே அத்தீர்ப்பின் உள்ளக்கிடக்கை. 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் பிரதேச சபை எல்லைக்குள் பகலுக்கு 55, இரவுக்கு 45 டெசிபெல் என வரையறுக்கின்றன.

ஆனால் நம் நாட்டில் அயலவர் என்ற சொல்லுக்குச் சட்டம் அளக்காத பொருளும் உண்டு. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் இம்மாவட்டத்தில் பாட்டின் மொழி வேலியைத் தாண்டும்போது வேறொன்றாகிவிடுகிறது. 1983 ஜூலையில் தாக்கப்பட்ட நகரங்களுள் மாத்தளையும் ஒன்று. அதன் பின் வானொலியில் தமிழ்ப்பாட்டு வந்தால் ஒலியைத் தாழ்த்திக் கேட்ட வீடுகள் பல. அச்சத்தினால் தாழ்த்திய ஒலிக்கும், அயலவர் மீதுள்ள அன்பினால் தாழ்த்தும் ஒலிக்கும் அளவுகருவியில் வேறுபாடு தெரியாது; மனித வாழ்வில் அவை இரவும் பகலும் போன்றவை. முன்னது அடிமைத்தனம், பின்னது நாகரிகம். எனவே, "தாழ்த்து" என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் சமமாக இருக்கவேண்டும். ஒரு மொழிப்பாட்டு மட்டும் எந்நேரமும் உரத்தும், மற்றது எந்நேரமும் அடங்கியும் ஒலிக்கும் தெருவில் அமைதி இருக்கலாம், நீதி இருக்காது.

இந்நெறி வெறும் பேச்சாக நிற்க வேண்டியதில்லை. ஆணியும் பலகையும் கொண்டு அதை நிலைநாட்டலாம். வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். ஆகவே வாசலில் தெருவை நோக்கிப் பெரிய பெட்டி ஒன்றை வைப்பதிலும், வேலைமேசைக்கு அருகே செவி உயரத்தில் சிறு பெட்டிகள் இரண்டை உள்நோக்கி வைப்பது மேல். குறைந்த ஒலியிலேயே பாட்டுத் தெளிவாகக் கேட்கும். சுவர் மூலையில் பெட்டியை வைத்தால் தாழ்சுருதி பெருகும். மதிலைத் துளைத்து அடுத்த வீட்டு நோயாளியின் கட்டிலை அசைப்பது அதுவே. தகரக் கூரையின் கீழ்ப் பழைய சாக்கும் துணியும் கட்டினால் எதிரொலி தணியும். இரும்புத்தூளை ஸ்பீக்கரின் காந்தம் ஈர்க்கும். மெல்லிய துணியுறை போடுதல் நன்று. அரைக்கும்போது பாட்டைக் கூட்டாமல் நிறுத்தி, செவிக்காப்பு அணிய வேண்டும். அது பையனுக்கும் ஒன்று இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் பையனின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அவன் தன் மொழியில் தனக்கு விருப்பமான பாட்டை முறைவைத்துப் போடட்டும். கேள்வி எழும்போது அனுமதி வேண்டாமலே ஒலியைத் தாழ்த்தட்டும்.

இதிலென்ன பெரிய புரட்சி என்று சிலர் வினவலாம். உடைமையின் பெயரால் ஒருவன் கையிலிருக்கும் சிறு அதிகாரத்தைப் பகிரப் பழகாதவர்கள், நாளை ஆலையையும் அரசையும் எவ்வாறு பகிர்வர்? அதிகாரம் பெரிய மாளிகைகளில் மட்டும் குடியிருப்பதில்லை. விரலளவுக் குமிழிலும் குடியிருக்கிறது. ஓர் இடத்தில் இசை உண்டா என்பதோடு, அதை நிறுத்தச் சொல்ல அங்குள்ளவருள் மிக எளியவனுக்கு வாய் உண்டா என்றும் நாம் கேட்போமாக. அவன் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டெனில், எப்பாட்டு ஒலித்தாலும் அது உழைப்பவரின் பாட்டே.