பிணியும் தனிக்குவளையும்



பகவன் புத்தர் துக்கத்தை ஆராய்ந்த முறை, கைதேர்ந்த மருத்துவன் நோயை ஆராயும் முறையை ஒத்ததாகும். துக்கம் உண்டு; அதற்குக் காரணம் உண்டு; காரணம் அகன்றால் துக்கமும் அகலும்; அகற்றும் மார்க்கமும் உண்டு. இந்நான்கு உண்மைகளையும் நாம் நாள்தோறும் ஓதுகின்றோம். வீட்டில் ஒருவர் நோயுற்றபோது அவற்றைக் கைக்கொள்ளுகின்றோமா என்பதே இன்று நாம் எண்ணத்தக்கது.

பெங்களூரில் வாழும் நம் சங்கத்து அன்பர் ஒருவர், ஏப்ரல் 14 ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் முகாமில் இரத்ததானம் செய்தார். சில நாள் கழித்து இரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. அவர்க்குக் காய்ச்சல் இல்லை, காமாலை இல்லை, பசியும் குன்றவில்லை. ஆயினும் அவர் இரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோயின் அடையாளம் தெரிந்ததென்றார்கள். செய்தி கேட்டு நாம் அவர் இல்லஞ் சென்றபோது, சன்னல் திண்டில் ஒரு தட்டும் ஒரு குவளையும் தனியே இருந்தன. பிற பாத்திரங்களோடு கலவாதிருக்கும் பொருட்டு அக்குவளையிற் சிவப்பு நூல் கட்டப்பட்டிருந்தது.

அன்பர்களே! தனிக்குவளை இன்னதென்று நமக்கு எவரேனும் கற்பிக்க வேண்டுமோ? நம் பாட்டன்மார்க்குத் தேநீர்க் கடையில் தனியே வைக்கப்பட்ட குவளையின் கசப்பை நாம் மறந்தோமா? 1898 இல் பண்டிதர் அயோத்திதாசர் பௌத்த சங்கம் நிறுவியதும், 1956 அக்டோபர் 14 இல் அண்ணல் நாகபுரியில் தீட்சை பெற்றதும் அக்குவளையை உடைத்தற்கன்றோ! அயலார் செய்தால் அதற்குத் தீண்டாமை என்று பெயர். அன்புடையார் அச்சத்தாற் செய்தால் அதற்கு வேறு பெயர் உண்டோ? ஆகையால் அச்சத்தை அறிவால் நீக்குவோம்.

முதலாவது, நோயின் இயல்பை அறிதல். இந்நோயை விளைப்பது ஒரு வைரஸ். 1989 இல் கண்டறியப்பட்ட இதன் ஆராய்ச்சிக்காக அறிஞர் மூவர்க்கு 2020 இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. முதற் பரிசோதனை காட்டுவது இவ்வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே. அது திருடன் வந்ததற்கான காலடித்தடம் போன்றது. திருடன் இன்னும் வீட்டினுள் உளனா என்பதை அது கூறாது. வைரஸ் புகுந்தவர்களுள் 100 பேரில் 15 முதல் 45 பேர்க்கு, 6 மாதத்திற்குள் மருந்தின்றியே அது நீங்கிவிடும். ஆதலின் இரத்தத்தில் வைரஸ் உளதா என்று பார்க்கும் இரண்டாவது பரிசோதனையைச் செய்தே தீரவேண்டும். நம் அன்பர்க்கு அதிலும் வைரஸ் உண்டெனத் தெரிந்தது. இவ்வாறு தங்கிவிட்ட வைரஸ் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கல்லீரலை அரிக்கும். கவனியாது விட்டால், 100 பேரில் 15 முதல் 30 பேர்க்கு 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் உண்டாகும். சிலர்க்குப் புற்றுநோயும் வரும். நோவில்லை என்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

இரண்டாவது, காரணம். இந்நோய் இரத்தத்தோடு இரத்தங் கலப்பதால் வருவது. ஒருவர்க்குப் போட்டுத் தூய்மை செய்யாத ஊசி, பரிசோதியாது ஏற்றிய இரத்தம், பலர் பகிர்ந்த போதை ஊசி, பச்சை குத்தும் ஊசி, பிறர் சவரக்கத்தி ஆகியவை இதன் வாயில்கள். தாயிடமிருந்து கருவிலுள்ள குழந்தைக்குச் சிறுபான்மை வருவதுண்டு. கணவன் மனைவி உறவில் பரவுதல் அரிது. ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே குவளையிற் பருகுவதாலும், தழுவுவதாலும், தாய்ப்பாலாலும் இது பரவுவதில்லை.

நாம் ஆலையில் உழைத்த காலத்தில், இரவு வேலை முடித்துக் காய்ச்சலோடு செல்லும் தொழிலாளிக்கு ஓர் ஊசி போட்டாலன்றி மனம் ஆறாது. ஒரே கண்ணாடி ஊசிக்குழல் வெந்நீரில் ஒருமுறை முங்கி எழுந்து அடுத்தவர் கையில் ஏறியதை நாம் கண்டதுண்டு. அவ்வரிசையில் நின்றவர் செய்த பாவம் யாது? ஆதலின் நோயுற்றவரைப் பார்த்து, எங்கே சென்றாய், என்ன செய்தாய் என்று குற்றவாளியைப் போல் வினவுதல் தகாது. போதை ஊசியால் வந்திருப்பினும் அவரும் சிகிச்சைக்கு உரியவரே.

முற்பிறப்பின் வினை என்று கூறுவோரும் உளர். இதே வினா பகவனிடமும் எழுந்தது. இராசகிருகத்து வேணுவனத்தில் சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதன் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினையின் பயனே என்னும் கொள்கையைக் குறித்து வினவினான். பித்தம், சிலேத்துமம், வாதம், அவை கூடுதல், பருவ மாற்றம், பேணுதலிற் பிழை, புறத்திலிருந்து வரும் தாக்குதல் என்பனவும் துன்பத்திற்குக் காரணமாகும் என்று பகவன் விளக்கி, யாவும் முன்வினையே என்பார் உண்மையைக் கடந்து பேசுகின்றார் எனத் தெளிவித்தார். ஊசி முனையில் வந்த வைரஸை வினையின் தலையில் ஏற்றுவது பௌத்தம் அன்று.

மூன்றாவது, முடிவு. இந்நோய்க்கு முடிவு உண்டு. சோபோஸ்புவிர், டக்ளாட்டாஸ்விர் என்னும் மாத்திரைகளை நாளுக்கு ஒரு வேளையாக 12 வாரம் உட்கொள்வது நம் நாட்டில் வழக்கம். கல்லீரல் இறுகியவர்க்குச் சோபோஸ்புவிருடன் வெல்பட்டாஸ்விர் தருவர். சிலர்க்கு 24 வாரமும் ஆகும். இம்முறையால் 100 பேரில் 95 பேர்க்குக் குறையாமல் நோய் முற்றும் நீங்குகின்றது. 2018 ஜூலை 28 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், அதற்குரிய அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகும்.

நான்காவது, மார்க்கம். நற்பிணியாளனுக்குரிய குணங்கள் ஐந்தென்று பகவன் வகுத்தார். அவற்றை இந்நோய்க்குப் பொருத்துவோம்.

நலந்தருவதைச் செய்தல் முதற்குணம். கள்ளும் சாராயமும் கல்லீரலை இரட்டிப்பாக அழிக்கும்; இந்நோயாளிக்கு ஐந்தாம் சீலமே முதல் மருந்து. அளவறிதல் இரண்டாவது. உப்பும் எண்ணெயும் நீக்கிய காமாலைப் பத்தியம் எல்லார்க்கும் வேண்டுவதன்று. மருத்துவர் விலக்கியதை மட்டும் விலக்கி, வழக்கமான நல்லுணவை உண்க. மருந்துண்ணுதல் மூன்றாவது. உடல் நன்றாயிருக்கின்றதென்று இடையில் நிறுத்தலாகாது. உள்ளதை உள்ளபடி உரைத்தல் நான்காவது. இருதயம், வலிப்பு, காசம், நெஞ்செரிச்சல் ஆகியவற்றுக்கு உண்ணும் மருந்தையும், நாட்டு மருந்தையும், கருவுற்றிருத்தலையும் மருத்துவரிடம் மறையாது கூறுக. பண்டிதர் அயோத்திதாசரே சித்த மருத்துவர். அம்மருத்துவத்தை இகழ்தல் நம் கருத்தன்று. ஆனால் இன்னதென்றறியாத பொடியை மறைவாக உண்ணுதல் கல்லீரலுக்குக் கேடாகலாம். ஹெப்படைட்டிஸ் பி உளதா என்றும் சிகிச்சைக்கு முன் பார்க்கவேண்டும். கன்னடமோ மராத்தியோ இந்தியோ அறியாதவர், அறிந்த ஒருவரை உடனழைத்துச் செல்க. பொறுத்தல் ஐந்தாவது. சிறு தலைநோவும் அயர்ச்சியும் வரக்கூடும். மருந்து முடிந்து 12 வாரம் சென்றபின் செய்யும் பரிசோதனையே நோய் நீங்கியதை உறுதிப்படுத்தும். அதுவரை காத்திருத்தலும் பொறையே. நம் அன்பர் இதை எழுதுங்கால் ஐந்தாம் வார மாத்திரையில் இருக்கின்றார்.

நீங்கிய பின்னும் எதிர்ப்பொருளின் தடம் இரத்தத்தில் நிற்கும். அது கண்டு கலங்கற்க. மறுபடியும் தொற்று நேரலாம். இதற்குத் தடுப்பூசி இல்லை. கல்லீரல் இறுகியவர் குணமான பின்னும் 6 மாதத்திற்கொருமுறை ஸ்கேன் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இனி வீட்டார் கடமை. வயிற்றுப் பிணியால் தன் கழிவிலேயே கிடந்த துறவி ஒருவரைச் சங்கத்தார் கைவிட்டபோது, பகவன் தாமே நீர் வார்க்க, ஆனந்தரோடு சேர்ந்து அவரைக் கழுவித் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினார். நாம் அத்துணையும் செய்யவேண்டுவதில்லை. சவரக்கத்தி, பல்துலக்கி, நகவெட்டி இம்மூன்றும் தனித்தனியே இருக்கட்டும். காயத்தைக் கட்டி மறைக்க. சிந்திய இரத்தத்தைக் கையுறையிட்டு பிளீச்சிங் நீரால் துடைக்க. அச்சம் அங்கே வேண்டும். தட்டும் குவளையும் பாயும் எல்லாரோடும் கலந்திருக்கட்டும். அஞ்சத்தக்கதற்கு அஞ்சி, அஞ்சவேண்டாததற்கு அஞ்சாதிருத்தலே நல்லறிவு.

இவ்வைரஸ் அறியப்படாத நாளில் இரத்தம் ஏற்றிக்கொண்டோரும், டயாலிசிஸ் செய்வோரும், ஐயுறத்தக்க ஊசி பல போட்டுக்கொண்டோரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்க. நோயென்று தெரிந்தால் வீட்டார்க்கும் சங்கத்தார்க்கும் அஞ்சி மறைக்கவேண்டாம். மருத்துவமனைக்குத் துணை வரவும், மருந்து நாளை நினைவூட்டவும், உடனிருந்து உண்ணவும் நம் சங்கத்தார் முன்வருவாராக. ஒருவர் நோயை மறைத்து வாழ நேருமாயின், அது நோயாளியின் குற்றமன்று. அவரைச் சூழ்ந்துள்ள நம் குறையே.

எல்லா உயிர்களும் பிணி நீங்கி நலமுறுவதாக!